நாலடி விறாந்தை

அத்தியாயம் 11

போன கிழமை நசீறாவின் கடைமுகப்பைக் கழற்ற வைத்ததற்காக ரீ.ஓ. நுஸ்ரியாவைச் சூடைமுனை ஊரே திட்டித் தீர்த்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 'கல்நெஞ்சுக்காரி' என்றது ஒரு வாய். 'கந்தோர்க் கதிரை கிடைச்சால் சொந்தச் சனம் கண்ணுக்குத் தெரியாது' என்றது இன்னொரு வாய். பெரிய ரோட்டின் நடுக்கோட்டிலிருந்து இருபத்தைந்து அடிக்குள் எவரும் எதையும் கட்டக்கூடாது. அந்த எல்லைக்கு வீதிக்கோடு என்று பெயர். நசீறாவின் கடை மூன்றடி உள்ளே நின்றது. பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர், சுருக்கமாக ரீ.ஓ., அவள்; எடுக்கச் சொன்னாள். நசீறா அழுதழுது எடுத்தாள்.

அத்தோடு முடிந்தது என்ற நினைப்பில்தான் நாலு நாள் பயிற்சிக்கு வவுனியாவுக்குப் போனாள். வியாழக்கிழமை பின்னேரம் பஸ்ஸால் இறங்கிப் பார்த்தால், எங்கே முடிந்தது! தங்கச்சி ஸஜானாவின் கலியாணத்துக்காக வாப்பா அபூசாலி கட்டும் வீட்டின் முன்னால், வரைபடத்தில் இல்லாத நாலு கொங்கிறீற் தூண்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றன.

"விறாந்தை" என்றார் வாப்பா, ஏதோ கறிவேப்பிலைக் கன்று நட்டவர்போல.

வெள்ளிக்கிழமை காலையில் ரேப்பை எடுத்து அளந்தாள். நடுக்கோட்டிலிருந்து இருபத்தொரு அடி. மறுபடி அளந்தாள். அதே இருபத்தொன்று. "வாப்பா, நாலடி உள்ளுக்கு நிக்குது" என்றதற்கு, "ஜும்ஆவுக்கு நேரமாகுது, பிறகு கதைப்பம்" என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்தப் 'பிறகு' வெள்ளிக்கிழமை முழுக்க வரவே இல்லை.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு நுஸ்ரியா குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கையில், வளவுக்குள் எதையோ கடகடவென்று உருட்டிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். கொங்கிறீற் கலக்கும் மெசின்.

அவள் இருப்பது அதே வளவின் பின்வீட்டில். பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம்; மாப்பிள்ளை வந்து பெண்ணின் வீட்டில் குடியிருப்பான். அது அந்த ஊர் வழக்கம். மூத்தவள் நுஸ்ரியாவுக்குப் பின்பக்கம் ஒரு வீடு கட்டிக் கொடுத்தாயிற்று. அவளுடைய புருஷன் சியாமுக்குக் கட்டாரில் வேலை. இளையவளுக்கு இப்போது ரோட்டுப் பக்கமாக ஒன்று. நிக்காஹ்வுக்கு இன்னும் பத்தொன்பது நாள்தான்.

தேத்தண்ணியை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

"வாப்பா, என்ன இது?"

"மெசின்."

"அது தெரியுது. என்ன போடப் போறீங்க?"

"விறாந்தைக்கு மேல கொங்கிறீற் பிளேட் போடுறம். பத்தரைக்குக் கொட்டத் தொடங்குவம்."

மேசன் சிங்கராசா கம்பிக் கட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நுஸ்ரியாவின் பக்கம் திரும்பவே இல்லை. பார்க்காமல் இருந்துவிட்டால் தனக்கு வம்பில்லை என்று நினைத்திருக்க வேண்டும்.

"நேத்தே சொன்னனானே. உள்ளுக்கு நிக்குதெண்டு."

"எதுக்கு உள்ளுக்கு? என்ர வளவுக்கு உள்ளுக்குத்தானே நிக்குது?"

"வீதிக்கோட்டுக்கு உள்ளுக்கு, வாப்பா."

அபூசாலி நாற்பது வருஷம் கருவாட்டு வியாபாரம் செய்தவர். பேரத்தில் குரலை உயர்த்துபவன் தோற்றுப்போவான் என்பது அவருக்குத் தெரியும். தூணடிக்குப் போய்க் காலால் மணலை விலக்கினார். கீழே முருகைக்கல்லும் சுண்ணாம்புமாகப் பழைய அத்திவாரம் ஒன்று தெரிந்தது.

"இது என்ன?"

"அத்திவாரம்."

"ஆற்ற?"

"எங்கட."

"என்ர வாப்பா போட்டது. தொண்ணூறில எங்களை ஊரைவிட்டுத் துரத்தினதால இதை விட்டுட்டுப் புத்தளத்துக்குப் போனம். இருபது வருசம் கொட்டிலில கிடந்தம். திரும்பி வந்து பாத்தால் வீடு இல்லை, இது மட்டும் இருந்தது. பழைய அத்திவாரத்துக்கு மேல கட்டினால் அது புதுக் கட்டடமில்லை. அதுக்கு என்ன பெர்மிட்?"

இது அபூசாலி தனியாகக் கண்டுபிடித்த சட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். புத்தளத்தாலே திரும்பி வந்த அவ்வளவு பேருக்கும் அதே நம்பிக்கைதான். வந்தவுடன் வளவைக் கிண்டிப் பழைய அத்திவாரத்தைத் தேடுவார்கள். அம்பிட்டதும் மேசனுக்கு ஆள் போகும்; சபைக்குப் போகாது. நுஸ்ரியா இரண்டு வருஷமாகப் படலை படலையாக ஏறி இறங்கி இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: கீழே கிடப்பது எத்தனை வருஷத்துக் கல்லென்றாலும் மேலே எழும்பும் சுவர் இன்றைய சுவர். ஊரில் பாதிப்பேருக்கு ஏறியது. தன் சொந்த வாப்பாவுக்கு ஏறவில்லை.

"அத்திவாரம் பழசுதான் வாப்பா. தூண் போன செவ்வாய்க்கிழமை போட்டது."

"ரோட்டுத்தான் புதுசு. நாங்கள் இங்க இல்லாத நேரம் அகலமாக்கினது. என்னட்ட ஒரு வார்த்தை கேட்டவங்களோ?"

இது சுட்டது. ஏனென்றால் இது உண்மை. ஆளில்லாத ஊரில் அறிவித்தலை ஒட்டி, ஆட்சேபம் ஒன்றும் வரவில்லை என்று எழுதி முடித்த காரியம் அது. அந்தப் பழைய கோப்பை அவளே கந்தோரில் தூசு தட்டிப் படித்திருக்கிறாள், படித்துவிட்டு அழுதுமிருக்கிறாள்.

"அது பிழைதான். அதுக்கு மேலிடத்துக்கு எழுதுவம், நானே எழுதித் தாறன். ஆனா இந்த நாலடியாலதான் மழைத் தண்ணி வடிஞ்சு ஓடக் கான் வெட்டப் போறாங்க. போன மாரி வெள்ளம் எத்தினை நாள் ஊருக்குள்ள நிண்டதெண்டு மறந்துட்டீங்களா?"

"கான் என்ன, என்ர ஒரு விறாந்தையைப் பாத்துத்தான் ஓடப் போகுதோ? விடு பிள்ள." அபூசாலி சிரித்தார். "மூத்த மகள் சபையில ரீ.ஓ.வா இருக்கிறாள். என்ர வீட்டுக்கு ஆர் நோட்டீஸ் எழுதப் போறான்?"

அவர் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

சத்தம் கேட்டு உம்மா பாத்தும்மா வந்தார். வந்ததும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ள, பத்தொன்பது நாள்தான் கிடக்கு. விறாந்தையிலதான் நிக்காஹ் வைக்கோணுமெண்டு மாப்பிள்ளையிட வாப்பா ஆதம்பாவா எவ்வளவு ஆசையாச் சொன்னவர். ஒருக்காக் கண்ணை மூடிக்கொள்ள ஏலாதா உனக்கு?"

"நசீறா மாமியும் இதைத்தான் கேட்டவ உம்மா. ஒருக்காக் கண்ணை மூடிக்கொள்ளு மகள் எண்டு, என்ர காலைப் பிடிக்காத குறையாக் கேட்டவ. நான் மூடல்லையே."

உம்மா பிடித்த கையை விடவில்லை.

ஸஜானா புதுவீட்டு ஜன்னலடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நுஸ்ரியா அந்தப் பக்கம் திரும்பவில்லை. தங்கச்சியின் முகத்தைப் பார்த்தால் தன் மனம் இளகிவிடும் என்று அவளுக்குப் பயம். எட்டு வயது இளையவள். புத்தளத்துக் கொட்டிலில் இவள் இடுப்பில் வளர்ந்தவள்.

"சிங்கராசா அண்ண, நான் திரும்பி வாற வரைக்கும் ஒரு சட்டிக் கலவையும் மேல போகக்கூடாது."

மேசன் தலையைச் சொறிந்தார். "முதலாளி கொட்டச் சொல்லுறார். நீங்கள் நிப்பாட்டச் சொல்லுறீங்கள். இரண்டு பேரும் ஒரே வீட்டாக்கள். நான் ஆற்ற சொல்லைக் கேக்கிறது பிள்ள?"

அவர் கேட்டதில் என்ன பிழை?

*

ஒன்பதரைக்குப் பொதுநோக்கு மண்டபத்தில் சபையின் நடமாடும் சேவை. கட்டட அனுமதி எடுப்பது எப்படி என்று காணிக்காரருக்கு விளங்கப்படுத்தும் கூட்டம். ஒரு மாதத்துக்கு முன்னரே நுஸ்ரியா கேட்டு வாங்கிய நாள் அது. மேற்பார்வையாளர் கிறகரி, பேசாலைக்காரர், முந்தியே வந்து படிவங்களை மேசையில் அடுக்கியிருந்தார். அறுபது எழுபது பேர் இருக்கும். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், நடுவில் சுற்றுவதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு மின்விசிறி.

"முதல்ல உறுதியையும் நில அளவைப் படத்தையும் கொண்டு வாங்கோ" என்றாள் நுஸ்ரியா. "வீதிக்கோடு உங்கட காணியில எங்க விழுதெண்டு நாங்கள் வந்து காட்டித் தருவம். அதுக்குப் பிறகு வீட்டுப் படம் கீறுங்கோ. படம் பாஸான பிறகு மேசனைக் கூப்பிடுங்கோ. எங்கட ஊரில மேசன் முதல் வாறார், நாங்கள் கடைசியா வாறம். அதாலதான் எங்களைக் கண்டால் உங்களுக்குக் காய்ச்சல்."

சிரித்தார்கள்.

"மதிலுக்கும் பெர்மிட்டோ?"

"ரோட்டுப் பக்கத்து மதிலெண்டால் ஓம்."

"கோழிக்கூட்டுக்கு?"

"ரோட்டுக்கரையில கோழிக்கூடு கட்டுறதெண்டால் கோழியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, கதைப்பம்."

மண்டபம் குலுங்கியது. நுஸ்ரியாவின் வாய்தான் பேசிக்கொண்டிருந்தது. கண் சுவர் மணிக்கூட்டில் கிடந்தது. பத்து மணி. பத்து ஐந்து.

பெண்கள் பக்கத்துக் கடைசி வரிசையிலிருந்து நசீறா எழும்பினாள். புருஷன் இல்லாமல் அந்தச் சின்னக் கடையை வைத்து மூன்று பிள்ளைகளைப் படிப்பிப்பவள். முகத்தில் கோபம் இல்லை. இருந்தால் பரவாயில்லையே.

"மகள், எனக்கொரு கேள்வி."

"கேளுங்கோ மாமி."

"என்ர கடையை அளந்த ரேப் இப்பவும் உங்கட கையில இருக்கோ?"

"ஓம் மாமி."

"அது உங்கட வாப்பாட வீட்டுக்கும் எட்டுமோ?"

கிறகரி படிவங்களை எடுத்து இன்னொருமுறை அடுக்கத் தொடங்கினார்.

நுஸ்ரியாவுக்குப் பயம் வந்தது. வந்ததை மறைத்து என்ன? இப்போது ஒரு பொய் சொல்லலாம். 'வாப்பாட விசயம் ஆராய்ச்சியில இருக்கு' என்று கந்தோர்ப் பாணியில் ஒரு சொல் போதும், கூட்டம் முடிந்துவிடும். ஆனால் அந்தச் சொல்லோடு அவளுடைய இரண்டு வருஷமும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு இந்த ஊரில் எந்தப் படலையைத் தட்டி, எந்த முகத்தை வைத்துக்கொண்டு, கோடு பற்றிப் பேசுவது?

"எட்டும்" என்றாள். "நேத்து அளந்தனான். நாலடி உள்ளுக்கு நிக்குது. உங்கட கடையைவிட ஓரடி கூட."

சனம் சலசலத்தது. அவள் கைப்பையிலிருந்து அறிவித்தல் புத்தகத்தை எடுத்து, எல்லோரும் பார்த்திருக்க, மேசையில் வைத்து எழுதினாள். எழுதிய தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நீங்களும் வாங்கோ மாமி. ரேப்பிட மற்றத் தலைப்பை நீங்களே பிடியுங்கோ. நான் கூட்டிக் குறைச்சு அளந்தனெண்டு ஆரும் சொல்லக்கூடாது."

கிறகரி காதருகே குனிந்தார். "மிஸ், ஆற அமர யோசிச்சுச் செய்தாலென்ன? திங்கக்கிழமை கந்தோரில ஒருக்காக் கதைச்சுப்போட்டு..."

"பத்தரைக்குக் கொட்டுறாங்கள் கிறகரி அண்ண. நாங்கள் யோசிச்சு முடியிறதுக்குள்ள இறுகிடும்."

*

வளவுக்குப் போகையில் அவளுக்குப் பின்னால் பாதி மண்டபம் வந்தது. ஆதரவுக்கு வந்தவர்கள் சிலர். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பலர். மெசின் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தது. சாரமரத்தில் ஏறி இரண்டு பேர் சட்டிக்குக் கைநீட்டியபடி நின்றார்கள்.

கிறகரி ரோட்டில் இறங்கித் தலைமன்னாரால் வந்த ஒரு பஸ்ஸைக் கைகாட்டி மறித்தார். நுஸ்ரியா நடுக்கோட்டில் குந்தி ரேப்பின் தலைப்பை அழுத்திப் பிடித்தாள். நசீறா மற்றத் தலைப்பைத் தூணோடு வைத்துக் குனிந்து பார்த்தாள்.

"எவ்வளவு மாமி?"

"இருபத்தொண்டு" என்றாள் நசீறா. அவள் குரலில் சந்தோசம் இல்லை. பஸ்ஸில் இருந்தவர்கள்தான் தலையை வெளியே போட்டு ரசித்துப் பார்த்தார்கள்.

அபூசாலி மெசினடியில் நின்றார். நுஸ்ரியா அவர்முன் போய்த் தாளை நீட்டினாள்.

"வாப்பா, வேலையை உடனே நிப்பாட்டோணும். இந்தாங்கோ."

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்தார். நாலாக மடித்துத் திருப்பி நீட்டினார்.

"பிழையான ஆளுக்குக் குடுக்கிறீங்கள், ரீ.ஓ. மிஸ்."

பிறந்ததிலிருந்து ஒருநாளும் அவர் அவளை 'நீங்கள்' என்று அழைத்ததில்லை.

"இந்த வீடு என்ர இல்லை. கலியாண நாள் குறிக்க முதல் பெண்ணிட பேருக்கு உறுதி எழுதோணும், அதுதானே எங்கட முறை? போன மாசம் நொத்தாரிசு கந்தோரில எழுதினம். ஸஜானாட பேரில. சாட்சிக் கையெழுத்து வைச்சது ஆர்? இந்தா, நீங்கள்தான்!"

சனம் கொல்லென்று சிரித்தது. நுஸ்ரியாவின் முகம் சிவந்துபோனது. ஊரெல்லாம் 'அபூசாலிட வீடு, அபூசாலிட விறாந்தை' என்று சொல்லிச் சொல்லி, உறுதியில் தானே சாட்சி வைத்ததை அவள் மறந்துபோயிருந்தாள். உரிமையாளரின் பெயர் பிழையானால் அறிவித்தல் செல்லாது. 'முதல்ல உறுதியைக் கொண்டு வாங்கோ' என்று சற்று முன்னர் மண்டபத்தில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

"ஸஜானாட பேருக்கு எழுதப் போறீங்களோ? எழுதுங்கோ. கலியாணம் செய்யப் போற உங்கட தங்கச்சியிட கையில நீங்களே குடுங்கோ, பாப்பம்" என்றார் அபூசாலி. "சிங்கராசா, கொட்டுங்கோ!"

வாப்பாவின் பெயரைக் கோபத்தோடு எழுதியாயிற்று. கோபம் இருந்தால் கை ஓடும். ஸஜானாவின் மேல் என்ன கோபம்? நுஸ்ரியா பழைய தாளை வாங்கிக் கிழித்தாள். அந்த இடத்திலேயே குந்தி, புத்தகத்தை மடியில் வைத்து, 'உரிமையாளர்: அபூசாலி' என்று தகப்பன் பெயரை முதலில் எழுதினாள். அதற்கு அப்பால் பேனை நகரவில்லை. கண் கலங்கி எழுத்து மறைந்தது. முழங்கையால் துடைத்துக்கொண்டு 'ஸஜானா' என்று எழுதி முடித்தாள்.

நிமிர்ந்தபோது ஸஜானாவே முன்னால் நின்றாள்.

"தாங்கோ ராத்தா."

நின்ற நிலையில் வாசித்தாள். வாசித்துவிட்டு, "கான் எதால வருது?" என்று கேட்டாள்.

"இதாலதான். நீ நிக்கிற இடத்தால."

ஸஜானா கால்மாட்டைப் பார்த்தாள். ரோட்டுக்குக் கீழ்ப்பக்கத்து முன்பள்ளியில் படிப்பிப்பவள் அவள். போன மாரியில் வெள்ளம் வடிய வழியில்லாமல் அந்தப் பள்ளிக்குள் நின்றது.

"பதினொரு நாள், வாப்பா" என்றாள். "இருபத்திமூண்டு பிள்ளைகள். பதினொரு நாளும் அதுகளை ஒவ்வொண்டா இடுப்பில தூக்கித் தண்ணிக்குள்ளால பள்ளிவாசலுக்குக் கொண்டுபோய் வைச்சுப் படிப்பிச்சனான். ஒரு பிள்ளைக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து ஆசுபத்திரியில கிடந்தது. கான் வெட்டட்டும், கான் வெட்டட்டும் எண்டு ஊர் முழுக்கக் கத்தித் திரிஞ்சது நான்தானே? இப்ப அந்தக் கான் வாற இடத்தில என்ர விறாந்தையோ?"

"உன்ர நிக்காஹ்வுக்குத்தானே பிள்ள கட்டினனான்" என்றார் அபூசாலி. குரல் சற்று இறங்கியிருந்தது.

"தெரியும் வாப்பா." ஸஜானா மேசன் பக்கம் திரும்பினாள். "சிங்கராசா அண்ண, மெசினை நிப்பாட்டுங்கோ."

சிங்கராசா அபூசாலியைப் பார்த்தார்.

"அவரைப் பாக்காதீங்கோ. உறுதி என்ர பேரில."

மெசின் நின்றது. அதுவரை கத்திக் கத்திப் பேசியவர்கள் எல்லோருக்கும் திடீரென்று தங்கள் மூச்சுக் கேட்டது. ஸஜானா அறிவித்தல் புத்தகத்தை வாங்கிக் கையெழுத்து வைத்தாள். கிறகரி பிரதியைத் தூணில் ஒட்டினார்.

அபூசாலி சீமெந்துப் பைகளின்மேல் உட்கார்ந்துவிட்டார். நுஸ்ரியா பக்கத்தில் போனாள்.

"வாப்பா, ரோட்டு வந்த விசயத்துக்கு இண்டைக்கே எழுதுவம். விறாந்தையை வீட்டுக்கு மேற்குப் பக்கமா..."

"நீ பேசாத."

அந்த நேரம் பார்த்து நசீறா அவள் கையைத் தொட்டு, "பின்னுக்குத் தள்ளிக் கடையைக் கட்டுறதெண்டால் அந்தப் படிவம் எனக்கும் ஒண்டு தாங்கோ மகள்" என்றாள். நுஸ்ரியா எடுத்துக் கொடுத்தாள்.

*

மாப்பிள்ளையின் ஊரான எருக்கலம்பிட்டிக்குச் செய்தி போக எவ்வளவு நேரம் வேண்டும்? மத்தியான லுஹர் பாங்குக்கு முன்னரே ஓட்டோ ஒன்று படலையில் வந்து நின்றது. இறங்கியவர் ஆதம்பாவா, மாப்பிள்ளை ஜுனைட்டின் வாப்பா. வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சாரம், அத்தர் வாசம். தூணில் ஒட்டியிருந்த தாளை நின்று வாசித்தார். சனத்தைப் பார்த்தார். சத்தம் போடும் ஆள் இல்லை அவர். எல்லாவற்றையும் மெல்லத்தான் சொல்வார்.

"அபூசாலி, கலியாண வீட்டில நோட்டீஸோ?"

"உட்காருங்கோ" என்றார் அபூசாலி. உம்மா கதிரை எடுக்க ஓடினார்.

"இருக்க வரல்ல. நாங்கள் பேசினது விறாந்தையோட உள்ள வீடு. இப்ப நோட்டீஸ் ஒட்டின வீடாக் கிடக்கு. இதுக்குள்ள என்ர மகனை எப்பிடி அனுப்புறது? எங்கட சனம் என்ன கதைக்கும்?"

"மாமா, மேற்குப் பக்கமா விறாந்தை எடுக்கலாம்" என்றாள் நுஸ்ரியா. "படத்தை நானே..."

"நீங்கள் உத்தியோகம் பாத்தது காணும் மகள்." ஆதம்பாவா அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார். "அபூசாலி, நாளைத் தள்ளிப் போடுவம். வீட்டில கதைச்சுப்போட்டுத்தான் முடிவு சொல்லலாம்."

பாத்தும்மாவின் கையிலிருந்த கதிரை தொப்பென்று நிலத்தில் இறங்கியது. 'யா அல்லாஹ், என் உத்தியோகம் என் தங்கச்சியின் வாழ்க்கையில் கை வைத்துவிட்டதே' என்று நுஸ்ரியாவின் நெஞ்சு பதறியது. செய்தது சரி என்று தெரிந்தும் பதறியது.

ஸஜானா முன்னால் வந்தாள். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள்.

"கதையுங்கோ மாமா. மகனிட்டயும் கேளுங்கோ. நானும் கேக்கிறன். ஆனா நோட்டீஸில கையெழுத்து வைச்சது நான். வீடு என்ர பேரில. அவர் வந்து குடியிருக்கப் போறது என்ர வீட்டில. ஊர்ப் பிள்ளைகளை வெள்ளத்தில விட்டுட்டுக் கட்டின விறாந்தைதான் வேணுமெண்டால், அந்த வீடு என்னட்ட இல்லை."

நசீறா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆதம்பாவாவின் முகம் மாறியது.

"பிள்ளையை நல்லா வாய்காட்டப் பழக்கியிருக்கிறீங்கள், அபூசாலி. நாலடி விறாந்தை குறைஞ்சதெண்டு பாத்தால், இங்க இன்னும் கனக்கக் குறையுது."

அபூசாலி சீமெந்துப் பையிலிருந்து எழும்பினார். மகளுக்கு அடிக்கத்தான் போகிறார் என்று பயந்து நுஸ்ரியா குறுக்கே போனாள். அவர் அவளையும் விலக்கி, ஸஜானாவையும் தாண்டி, சிங்கராசாவிடம் போனார்.

"சம்மட்டியைத் தாங்கோ."

"முதலாளி..."

"தாங்கோ எண்டு சொல்லுறன்!"

வாங்கினார். சாரத்தை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். ஆதம்பாவாவின் முகத்தைப் பார்த்தார்.

"என்ர வாப்பா போட்ட அத்திவாரமெண்டு இந்த விறாந்தைக்காக நான் பெத்த பிள்ளையோட சண்டை பிடிச்சனான். ஊர் முன்னால அவளை 'மிஸ்' எண்டு கூப்பிட்டு அவமானப்படுத்தினனான். அதெல்லாம் எனக்கும் என்ர பிள்ளையளுக்கும் உள்ளது. நீங்கள் ஆர் காணும், நாலடிக்கு என்ர பிள்ளையைத் தராசில வைக்கிறதுக்கு?"

ஓங்கி அடித்தார். நாலு நாள் தூண், உள்ளே இன்னும் இறுகாத பச்சை. மூலை பெயர்ந்து கல்லும் சல்லியும் ஆதம்பாவாவின் செருப்படிவரை தெறித்தன. இரண்டாவது அடிக்குக் கம்பி தெரிந்தது. நுஸ்ரியா வாய்விட்டு அழுதாள். இவ்வளவு சனம் பார்க்கிறதே என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஆதம்பாவா இரண்டு எட்டுப் பின்வாங்கி ரோட்டில் நின்றார். ஓட்டோவில் ஏறவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை.

மூன்றாவது அடிக்குச் சம்மட்டி உயரும்போது ஸஜானாவின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். ஜுனைட்.

யாருக்கும் மறைக்காமல், நின்ற இடத்திலேயே பேசினாள்.

"வஅலைக்கும் ஸலாம். ஓம், கேள்விப்பட்டது உண்மைதான். உங்கட வாப்பாவும் இங்கதான் நிக்கிறார். என்ர வாப்பா விறாந்தையை உடைக்கிறார்." ஒருமுறை மூச்சை எடுத்துக்கொண்டாள். "விறாந்தை இல்லாத வீடு. பத்தொன்பது நாளில வாறீங்களோ, இல்லையோ? இப்பவே சொல்லுங்கோ."

அபூசாலி ஓங்கிய சம்மட்டியை இறக்கிவிட்டு மகளைப் பார்த்தார். ரோட்டில் ஆதம்பாவாவும் காதைக் கொடுத்தார். ஸஜானா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு பதிலுக்காக நின்றாள்.